ஆறு மணி மருந்து

தண்ணீர்க் கிண்ணத்துக்குள் அலகை வைத்திருந்தபோதும் வெள்ளச்சியின் கரகரப்பு நிற்கவில்லை.

அவள் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி குடிக்கும் விதம் அவளுக்குத் தெரியும். ஒரு மிடறு அள்ளும், தலையை அண்ணாந்து தொண்டைக்குள் இறங்கவிடும், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளச்சி தலையைத் தூக்கவே இல்லை. மூக்குத் துளை இரண்டும் மஞ்சள் மருந்துத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க, செதுக்கிவைத்தாற்போல் அசையாமல் நின்றது. தண்ணீரில் ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. ஆனால் ஈரச் சாக்கைச் சொரசொரப்பான தரையில் இழுப்பது போன்ற அந்தச் சத்தம், இழுத்து விட்டு, இழுத்து விட்டு, நிதானமாக வந்துகொண்டே இருந்தது.

"சரி, குடிச்சா போதும். நீ எப்படிக் குடிச்சா எனக்கென்ன" என்று அதனிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். முழங்கால் இரண்டும் சடசடத்தன. கொல்லைப்புறத்தில் மழை விட்டு, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணி.

கோழிகள் மொத்தம் ஆறு. வெள்ளச்சி, கறுப்பி, சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகாராணி, எந்நேரமும் தூங்கி வழியும் சொங்கி, கழுத்தில் முடியில்லாத மொட்டைக்கழுத்து, யாரைப் பார்த்தாலும் கொத்த வரும் வக்கீல். கணவர் போன மறுமாதம் அப்போதுதான் பொரிந்த குஞ்சுகளாக வாங்கி வந்தவை. வீட்டுக்குள் அவளைத் தவிர மூச்சுவிடும் ஜீவன் ஏதாவது இருக்கட்டும் என்று வாங்கினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. முட்டைக்கு ஆகும் என்று சொல்லிவைத்தாள்.

மூன்று வாரங்களுக்கு முன்னால் சொங்கியின் கண்ணோரத்தில் நுரை கட்டியது. பிறகு ஒவ்வொன்றாக முகம் வீங்கி, மூக்கில் நீர் வடிந்து, அந்தக் கரகரப்பு. கால்நடை மருத்துவமனை டாக்டர் ஐந்து நாளைக்குத் தண்ணீரில் கலக்கப் பொடி எழுதிக் கொடுத்தார். ஐந்து நாளில் வீக்கம் வடிந்தது, இரை எடுத்தன. கரகரப்பு மட்டும் போகவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இந்த நோய் உள்ளேயே தங்கிவிடும், அக்கம்பக்கத்துக் கோழிகளுக்கும் பரவும், மருந்தை நிறுத்திவிட்டு ஆறையும் கழித்துக்கட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதுதான் முறை என்றார். அவருடைய குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. தினமும் பத்துப் பேரிடம் அதையே சொல்லும் களைப்புதான் இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள்.

இருபத்திரண்டு வருடங்களாக மருந்துக் கடையில் வேலை. கடைக்கு வருகிறவர்கள் அவளை மாத்திரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுக்கும்போது அவள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: "ரெண்டு நாள்ல நல்லாயிட்டாப்ல இருக்கும். நிறுத்திடாதீங்க. கடைசி மாத்திரை வரைக்கும் போடணும்." யாரும் கேட்பதில்லை. பாதிப் பட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து காசு கேட்பார்கள். முதலாளி குப்பையில் போடச் சொல்வார். அவள் போட்டதில்லை. பாதியில் விட்டவர்களின் மாத்திரைகள், பாதியில் போய்ச் சேர்ந்தவர்களின் மாத்திரைகள், எல்லாம் அந்தச் சதுர டின்னுக்குள் வருடக்கணக்கில் சேர்ந்திருந்தன. மூடியைத் திறந்ததும் கசப்பும் பழைய காகிதமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது.

சமையலறைத் தராசில் கோழியை நிறுத்துப் பார்த்தாள். எடைக்கு ஏற்ற அளவைக் கணக்குப் போட்டாள். பிளேடால் மாத்திரையைப் பதினாறு துண்டாக்கி, நுணுக்கி, தேனில் குழைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் இழுத்துக்கொண்டாள். காலை ஆறு, மாலை ஆறு. மிச்சமிருந்த பொடியும் குடிதண்ணீரில் தொடர்ந்தது. பொடி கேட்கவில்லை என்றால் இது. இது கேட்கவில்லை என்றால் இதற்கு மேலே இன்னொன்று.

மாத்திரை மருந்து கொடுக்க ஆரம்பித்த பத்தாம் நாள் காலை வெள்ளச்சி கூண்டின் மூலையில் விறைத்துக் கிடந்தது.

கால்கள் இரண்டும் பின்னால் நீண்டு, விரல்கள் மடங்கியிருந்தன. கண்ணில் பால் படலம். அதன் ஓரத்தில் எறும்பு வரிசை. அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு பழைய தலையணை உறையொன்றை எடுத்து வந்து அதைத் தூக்கினாள். குளிர்ந்திருந்தது. குழாயடியில் கிடந்த செங்கல்லைத் தொட்டது போன்ற குளிர்ச்சி.

உறைக்குள் இறக்கும்போது அது மூச்சு இழுத்தது.

அவள் கை நின்றது. காதைக் கொண்டுபோய் அதன் முதுகில் வைத்தாள். கர்ர்ர். விட்டது. கர்ர்ர். இழுத்தது. எறும்புகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிவிட்டாள். பல்பு எரியும் அட்டைப் பெட்டிக்குள் கோழியை வைத்து, விறைத்த அலகை நகத்தால் நெம்பித் திறந்து, மருந்தை விட்டாள். அன்று கடைக்குப் போகவில்லை.

மாலையில் வெள்ளச்சி எழுந்து நின்றது.

அன்று நாத்தனார் வந்தாள். கணவருக்கு நேர் இளையவள், இரண்டு தெரு தள்ளி வீடு. வாரத்துக்கு இரண்டு முறை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, அண்ணி சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாள். நல்லவள். சமையலறை மேடையில் கிடந்த பிளேடு, தராசு, நுணுக்கிய பொடி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நீங்க பாக்குற பணிவிடையைப் பாத்தா நானும் கோழியாப் பொறந்திருக்கலாம் போல இருக்கு அண்ணி" என்றாள்.

"பொறந்திரு. உனக்கு எடை கூட. ஒரு பட்டை முழுசா வேணும்."

இருவரும் சிரித்தார்கள். நாத்தனாரின் சிரிப்பு பெட்டியைப் பார்த்ததும் பாதியில் அறுந்தது. வெள்ளச்சி பல்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. கொண்டை கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. கண் இமைக்கவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாத்தனார் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்: "போதும் அண்ணி. விட்டுடலாம்."

அவள் பிளேடைக் கீழே வைத்தாள்.

இதே சொற்கள்தான். இதே குரல்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் நெடிக்கு நடுவே, பத்தொன்பதாம் நாள். கணவர் குழாயும் இயந்திரமுமாகக் கிடந்தார். மருந்து ஒன்றும் கேட்கவில்லை, இனி இழுப்பதில் அர்த்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். போதும் அண்ணி, விட்டுடலாம். பேனாவும் டாக்டருடையதுதான். அவள் கையெழுத்துப் போட்டாள். குழாயை எடுத்த பிறகு அவர் பதினோரு நிமிடம் தானாக மூச்சுவிட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்ப மாட்டுங்கள் என்று சொல்ல அவளுக்குப் பதினோரு நிமிடம் இருந்தது. அவள் சொல்லவில்லை. வாய் இருந்தது, நாக்கு இருந்தது, சொல்லவில்லை.

"அன்னைக்கு விட்டேன்" என்றாள் நாத்தனாரிடம். "இனிமே எதையும் விடறதா இல்ல. தூக்கை அங்க வெச்சுட்டுப் போ."

பன்னிரண்டாம் நாள் கறுப்பி விறைத்தது, மாலையில் எழுந்தது. பதின்மூன்றாம் நாள் சொங்கியும் மகாராணியும். அதற்கடுத்து மற்ற இரண்டும். ஒவ்வொன்றும் ஒரு பகல் கிடந்து, மூச்சோடு எழுந்து நின்றது. மகாராணி இப்போது சேற்றுக்கு நடுவில் நின்றது. வக்கீல் யாரையும் கொத்தவில்லை. ஆறும் பிழைத்துவிட்டன என்று அவள் தனக்குத்தானே அடித்துச் சொல்லிக்கொண்டாள்.

தீவனம் போட்டது போட்டபடி பூஞ்சை பிடித்தது. மரத்தூளில் எச்சம் விழவில்லை. கோழிக்கூண்டுக்கு உரிய அந்தக் காரமான வாடை அடியோடு போய், காலிப் பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வெறும் வாசனை வந்தது. ஒருநாள் காலையில் கூண்டுக்குள் முட்டை ஒன்று கிடந்தது. மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதால் சாக்கடையில் ஊற்றப்போனாள். உடைத்தால் ஊற்ற ஒன்றுமில்லை. ஓட்டுக்குள் உலர்ந்த தோல் மட்டும் மெல்ல உப்பி, மெல்லச் சுருங்கியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கையிலிருந்து அதை உதறியபோது அன்று காற்றே இல்லை என்பதையும் கவனித்தாள்.

தராசு முள்ளையும் கவனித்தாள். வெள்ளச்சி ஒன்றரைக் கிலோ இருந்தது. இப்போது எண்ணூறு கிராம். மறுநாள் அறுநூறு. பிறகு முன்னூறு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, இறகு நிறைந்து அதே பருமனில்தான் நின்றது. தூக்கினால் தலையணைப் பஞ்சைத் தூக்குவதைப் போல இருந்தது. எடை இறங்க இறங்க அவள் அளவைக் குறைத்தாள். பதினாறில் ஒன்று முப்பத்திரண்டில் ஒன்றாகியது, பிறகு பிளேடு முனையில் ஒட்டும் தூசாகியது. கணக்கில் அவளுக்குப் பிசகாது. கணக்குப் பிசகாத வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

பத்தொன்பதாம் நாள் மாலை ஆறு மணி மருந்தைக் கொடுத்து முடித்து, சிரிஞ்சைக் கழுவிக் கவிழ்த்தாள். கொல்லையைப் பார்த்தபடி நின்று, "நாளைக்கு இருபது" என்று சத்தமாகச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது.

இருபத்தோராம் நாள் டின் ஏறக்குறையத் தீர்ந்துபோனது. இனி இருக்கும் ஒரே மருந்து ஊசி வகை. டாக்டர் கையெழுத்து இல்லாமல் அவள் கடையிலேயே எடுக்க முடியாது. நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு கோழியைக் கொடுங்கள், டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கி வருகிறேன், நீங்கள் போனால் சண்டைதான் வரும் என்றாள். அவள் யோசித்தாள். கறுப்பிக்குக் காலை மருந்து கொடுத்து, காலில் பச்சை வளையம் மாட்டி, கூடையில் வைத்துக் கொடுத்தாள். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள்.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்து மழை பிடித்தது. மின்சாரம் போனது. மூன்றரை மணிக்கே வீட்டுக்குள் அந்தி. அவள் மெழுகுவர்த்தியை ஏற்றி மேடையில் ஒட்டினாள். மழைச் சத்தத்துக்கு அடியில், கொல்லைப் பக்கம், ஐந்து கரகரப்புகளும் கேட்டன. முன்பெல்லாம் முன்னும் பின்னுமாக, ஒன்றோடொன்று மோதி வரும். இப்போது ஒன்றாக வந்தன. ஒரே இழுப்பு. ஒரே விடுப்பு.

கைப்பேசி அடித்தது. கால்நடை டாக்டர்.

"அம்மா, நீங்க அனுப்பின கோழி இதுதானா? கால்ல பச்சை வளையம்?"

"அதேதான். மருந்து எழுதிட்டீங்களா?"

"செத்துப்போச்சு, என்ன காரணம்னு பாருங்கன்னு உங்க நாத்தனார் சொன்னாங்க. அறுத்துப் பாத்தேன்."

"அறுக்கச் சொல்லலையே நான்."

"இது செத்து ஒம்பது பத்து நாள் இருக்கும்மா. உள்ள நுரையீரல் இல்ல. எதுவுமே இல்ல."

"காலைல ஆறு மணிக்கு மருந்து குடிச்சுது."

"அதான் கேக்கறேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, பக்கத்தில் யாரோ தூங்குவதைப் போல, "அறுத்தப்புறமும் அந்தச் சத்தம் நிக்கல" என்றார். "அம்மா, நிறுத்துங்க. மருந்தை நிறுத்தினாப் போதும். அதுவா அடங்கிடும்."

"அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க" என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தாள்.

கழுவிக் கவிழ்த்திருந்த சிரிஞ்சை எடுத்து மறுபடியும் கழுவினாள். பயம் என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அறுத்துவிட்டார்கள். கேட்காமல் அறுத்துவிட்டார்கள். கோபம், இது கோபம். கோபத்தில்தான் முதுகுத்தண்டில் இப்படிச் சில்லிடுகிறது.

ஐந்தே முக்காலுக்கு நாத்தனார் வந்தாள். உள்ளே வரவில்லை. நனைந்த தலையோடு வாசலில் நின்று, துணிப்பை ஒன்றைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்திருந்தாள். பைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இழுப்பு. விடுப்பு.

"வழியெல்லாம் அண்ணி" என்றாள். உதடு வெளுத்திருந்தது. "வழியெல்லாம் இது... பொய் சொன்னது தப்புத்தான். ஆனா இது கோழி இல்ல. என்னவோ. குழி தோண்டலாம். சுண்ணாம்பு வாங்கி வந்திருக்கேன். நான் கூட இருக்கேன். தனியா விட மாட்டேன்."

"கூட இருந்தப்பதான் என்னைக் கையெழுத்துப் போட வெச்சீங்க."

நாத்தனார் அழுதாள். "அவருக்கு வலிச்சுது அண்ணி. உங்களுக்குத் தெரியலையா? அந்தப் பத்தொன்பது நாளும் அவருக்கு வலிச்சுது."

அந்த வார்த்தை உள்ளே போய் எங்கோ விழுந்தது. விழுந்த இடத்தை அவள் பார்க்க விரும்பவில்லை. பையை வாங்கிக்கொண்டாள். எடையே இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாத்தனார் கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள், பிறகு மழையில் செருப்புச் சத்தம் ஓட்டமும் நடையுமாகத் தேய்ந்து மறைந்தது.

ஆறு மணி.

மேடையில் செய்தித்தாளை விரித்தாள். பையைக் கவிழ்த்தாள். கறுப்பி விழுந்து, புரண்டு, இரண்டு கால்களில் எழுந்து நின்றது.

கழுத்துக்குக் கீழிருந்து அடிவயிறு வரை திறந்திருந்தது. நேர்த்தியான வெட்டு. இரத்தம் இல்லை. விலாவெலும்புகள் சின்னக் கூடையைப் போல வளைந்து நின்றன. கூடைக்குள் இருட்டு. இருட்டைத் தவிர எதுவும் இல்லை. வெட்டின் ஓரத்து இறகுகள் மட்டும் உள்ளே ஒடுங்கின, வெளியே விரிந்தன. ஒடுங்கின. விரிந்தன.

அவள் ஓடியிருக்கலாம். கால்கள் கதவுப் பக்கம் ஓரடி திரும்பவும் செய்தன.

இல்லை.

கால்களைத் திருப்பிக்கொண்டு வந்தாள். டின்னைக் கவிழ்த்து அடியில் கிடந்த பொடியைச் சுரண்டினாள். தேன். சிரிஞ்சு. விரல்கள் தம் வேலையைத் தாமே செய்தன.

பின்னால் சத்தம். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை. வெள்ளச்சி நின்றது. அதன் பின்னால் மகாராணி. சொங்கி. மொட்டைக்கழுத்து. வக்கீல். ஈரத் தரையில் ஒரு கால்தடம்கூடப் பதியவில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஐந்து அலகுகளும் ஒன்றாகத் திறந்தன. திறந்தபடியே இருந்தன.

"வரிசையா வாங்க" என்றாள். குரல் உடையவில்லை. "எல்லாருக்கும் உண்டு."

கறுப்பியும் அலகைத் திறந்தது. பால் படர்ந்த கண் அவளையே பார்த்தது. அந்தப் பார்வையில் ஏதோ கேட்பது போலிருந்தது. மருந்தைக் கேட்கிறதா, மருந்து வேண்டாம் என்று கேட்கிறதா. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அலகுக்குள் துளியை விட்டாள்.

துளி இறங்கியது. தொண்டை வழியே வந்து, வெறும் கூட்டுக்குள் ஓர் எலும்பின் நுனியில் தொங்கி, மஞ்சளாக மினுங்கியது. கழன்று விழப்போனது.

செய்தித்தாளில் விழுவதற்குள் இடது உள்ளங்கையை நீட்டி ஏந்திக்கொண்டாள்.

சிரிஞ்சால் அதை உறிஞ்சினாள். மறுபடியும் அலகில் விட்டாள். அது மறுபடியும் எலும்பு நுனியில் வந்து தொங்கியது. மறுபடியும் ஏந்தினாள். மறுபடியும் விட்டாள்.